டிஜிட்டல் ஸ்க்ராப்புக்: பழைய குடும்பப் படங்களை வைத்து முதல் பக்கம், எங்கிருந்து தொடங்குவது?

பழைய_ஆல்பம் (கேள்வி)

வணக்கம். அப்பாவுக்கு 70 நிறைகிறது. பீமரத சாந்தி அன்று அவர் கையில் கொடுக்கிற மாதிரி குடும்பப் படங்களை வைத்து ஒரு ஸ்க்ராப்புக் செய்ய வேண்டும். தாளை வெட்டி ஒட்டாமல் கணினியிலேயே பக்கங்களை வடிவமைத்து, லேபில் பிரிண்ட் போட்டு பைண்ட் செய்கிற எண்ணம். அளவு 12×12 இன்ச், 20 பக்கம்.

படங்கள் நாலு விதம்: பழைய கருப்பு வெள்ளை, 70களின் கடைசியிலும் 80களிலும் எடுத்த கலர் பிரிண்ட் (பாதிக்கு மேல் சிவந்துவிட்டன), சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, இப்போதைய மொபைல் படங்கள். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம், 15.6 இன்ச் ஃபுல் எச்டி திரை. ஏ4 ஃபிளாட்பெட் ஸ்கேனர் உண்டு. மென்பொருளுக்குப் பணம் போடுவதாக இல்லை, கிம்ப் 3 (இலவசமான படத் திருத்த மென்பொருள்) நிறுவியிருக்கிறேன்.

சிக்கல்கள்: 12 இன்ச் என்று கொடுத்துத் திறந்த பக்கத்தில் மொபைல் படத்தை இழுத்துப் போட்டால் முகத்தில் மூக்கு மட்டும்தான் உள்ளே தெரிகிறது. கிட், டெம்ப்ளேட், எலிமெண்ட் என்கிறார்களே, இவற்றில் எது கட்டாயம் தேவை? வட்டத்துக்குள்ளோ ஃபிரேமுக்குள்ளோ படத்தை அடக்குவது எப்படி? நிழல் கொடுத்தால் எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கிறது. பெரியப்பா பாமினி எழுத்துருவில் டைப் செய்து கொடுத்த குறிப்புகளையும் சேர்க்க வேண்டும்.

---

இழைத்தாள்

முதலில் அந்த மூக்கு. பக்கம் திறக்கும்போது ரெசல்யூஷன் (ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்பது) கட்டத்தில் 72 இருந்திருக்கும். 12 × 72 = 864 பிக்சல். 12 மெகாபிக்சல் மொபைல் படமோ 4000 × 3000. அதன் ஒரு மூலைதான் 864-க்குள் அடங்கும். இன்ச்சை மறந்துவிட்டு பிக்சலிலேயே கொடுங்கள்: அகலம் 3600, உயரம் 3600. கீழே அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸைப் பிரித்து எக்ஸ், ஒய் ரெசல்யூஷன் இரண்டும் 300 என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போதும் மொபைல் படம் பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். அது இயல்பு, சுருக்கிக்கொள்ளலாம். சிறிய பக்கத்தில் வேலையை முடித்துவிட்டு கடைசியில் 3600 ஆக்கிக்கொள்ளலாம் என்பது மட்டும் நடக்காது. எழுத்தின் ஓரம், ஃபிரேமின் ஓரம் எல்லாம் கலங்கிப்போகும்.

அடுத்தது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம். பக்கத்தில் ஒரு படம் எவ்வளவு பெரிதாக நிற்கலாம் என்பதை முடிவு செய்வது அந்தப் படத்தில் இருக்கும் பிக்சல். பிக்சலை 300-ஆல் வகுத்தால் இன்ச். 1600 × 1200 உள்ள வாட்ஸ்அப் படம் 5.3 × 4 இன்ச்சுக்குக் கூர்மையாக வரும். 200-ஆல் வகுத்து 8 × 6 வரை இழுக்கலாம், சற்று மிருதுவாகத் தெரியும், பாதகமில்லை. 150-க்குக் கீழே போகாதீர்கள். வடிவமைக்க உட்காரும் முன்பே எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, டீடெயில்ஸ் பார்வையில் டைமென்ஷன்ஸ் என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். எது முழுப்பக்கம் தாங்கும், எது மூலையில் சின்னதாக நிற்க வேண்டியது என்று அங்கேயே பிரிந்துவிடும். இதைச் செய்யாமல் டெம்ப்ளேட்டை எடுத்தால், பெரிய கட்டத்தில் 600 பிக்சல் படத்தைத் திணித்துவிட்டு, பிரிண்ட் வந்த பிறகு வருத்தப்பட நேரும்.

கிட் என்பது ஒரு ஜிப் கோப்பு. உள்ளே பேப்பர் இருக்கும்: பக்கத்தின் பின்னணி, 3600 × 3600 ஜேபெக். எலிமெண்ட் இருக்கும்: பூ, ரிப்பன், பட்டன், ஃபிரேம், கிளிப். இவை பின்னணி இல்லாத பிஎன்ஜி. டெம்ப்ளேட் தனி: எது எங்கே வர வேண்டும் என்று சாம்பல் நிறக் கட்டங்களாக லேயர் லேயராக, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளாக வைத்த பிஎஸ்டி கோப்பு. கிம்ப் அதைத் திறக்கும். ஜிப்பை முதலில் முழுக்கப் பிரித்து ஃபோல்டரில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பிஎன்ஜியை மொபைலிலிருந்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக்காகி, பூவைச் சுற்றிப் பின்னணி நிரம்பி வந்து நிற்கும். கூகிளில் பிஎன்ஜி என்று தேடி எடுப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. சாம்பலும் வெள்ளையுமான கட்டம் போட்ட பின்னணி, ஒளி ஊடுருவும் பகுதி போலவே தெரியும். இறக்கிப் பார்த்தால் கட்டங்கள் படத்திலேயே பதிந்திருக்கும்.

ஒவ்வொரு கிட்டிலும் பயன்பாட்டு நிபந்தனை என்று ஒரு கோப்பு இருக்கும், படித்துவிடுங்கள். சொந்த உபயோகம் என்றால் உங்கள் ஆல்பத்துக்குப் பயன்படுத்தி பிரிண்ட் போடலாம். கிட்டை அப்படியே இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும், அதை வைத்துக் காசுக்கு ஆல்பம் செய்து தருவதற்கும் வழக்கமாக அனுமதி கிடையாது.

கட்டாயம் என்ன? என்னைக் கேட்டால் முழுப் புத்தகத்துக்கும் ஒரே ஒரு கிட். இரண்டு ப்ளெய்ன் பேப்பர், ஒரு டிசைன் பேப்பர், மூன்று நாலு எலிமெண்ட், அதற்கு மேல் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று கிட்டுகளைக் குவித்தால் தேடுவதிலேயே பொழுது போய்விடும், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வீட்டு ஆல்பம் போல இருக்கும். புத்தகத்தின் நிறத்தைப் படத்திலிருந்தே எடுக்கலாம். கல்யாணப் படத்தில் அம்மாவின் சேலை அரக்கு என்றால், கலர் பிக்கரால் அதைத் தொட்டு அந்த அரக்கையே படத்துக்கு அடியில் வரும் தாளுக்கும் தலைப்புக்கும் கொடுங்கள். பக்கம் அந்தப் படத்துக்காகவே பிறந்தது போல அமையும்.

முதல் பக்கத்தை இப்படிக் கட்டுங்கள், கீழிருந்து மேலாக:

பின்னணிப் பேப்பர் 3600 × 3600. அதன் மேல் டிசைன் பேப்பரிலிருந்து வெட்டிய 3600 × 700 பட்டை ஒன்று. அதற்கு மேல் மேட், அதாவது படத்துக்கு அடியில் ஓரமாகத் தெரியும் ப்ளெய்ன் தாள், 1650 × 2250. அதன் நடுவில் 5×7 படம், 1500 × 2100. நாலு பக்கமும் 75 பிக்சல், அதாவது கால் இன்ச் ஓரம் தெரியும். மேட்டின் ஒரு மூலையில் ஒரே ஒரு எலிமெண்ட். கடைசியாக எழுத்து. இவ்வளவுதான். இந்த ஒரு பக்கம் ஒழுங்காக வந்துவிட்டால் மீதி 19-ம் இதன் வேறுபாடுகளே.

கோப்புகளைக் கொண்டுவர ஃபைல் > ஓபன் ஆஸ் லேயர்ஸ் (கண்ட்ரோல்+ஆல்ட்+ஓ). சாதாரண ஓபன் கொடுத்தால் தனி டேபில் திறந்துகொள்ளும்.

---

நிழல்புறம்

இழைத்தாள் சொன்ன பக்கத்தை வச்சே மாஸ்க்கும் (படத்துல வேண்டிய பகுதியை மட்டும் காட்டி மீதியை மறைக்கிறது) நிழலும் சொல்றேன். இது ரெண்டும் கைக்கு வந்தாச்சுன்னா மென்பொருள்ல பாதி வந்தாச்சு.

போட்டோஷாப் பாடங்கள்ல கிளிப்பிங் மாஸ்க்னு ஒரே ஷார்ட்கட்ல முடிச்சிடுவாங்க. கிம்ப்ல அதே பேர்ல தேடாதீங்க, வழி வேற. டெம்ப்ளேட்ல வட்டமான கட்டம் ஒரு லேயரா இருக்குன்னு வச்சுக்குங்க.

1. படத்தை லேயரா கொண்டுவந்து, லேயர் பேனல்ல அந்த வட்டத்துக்கு நேர் மேலே வைங்க.
2. ஷிஃப்ட்+எஸ் அழுத்தி ஸ்கேல் பண்ணுங்க. அகலம், உயரத்துக்குப் பக்கத்துல இருக்கிற சங்கிலி பூட்டியிருக்கணும், இல்லேன்னா முகம் நீண்டுரும். வட்டத்தை முழுசா மூடுற அளவுக்கு வச்சு, முகம் நடுவுல வர்ற மாதிரி நகர்த்துங்க.
3. வட்ட லேயர்ல வலது கிளிக், ஆல்ஃபா டு செலக்‌ஷன்.
4. இப்ப பட லேயரை கிளிக் பண்ணி, வலது கிளிக், ஆட் லேயர் மாஸ்க், அதுல செலக்‌ஷன்.
5. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்தித் தேர்வை விடுங்க.

மூணாவது படியை விட்டுட்டு நாலுக்குப் போறதுதான் வழக்கமா நடக்குற தப்பு. தேர்வு ஒண்ணும் இல்லாம மாஸ்க் போட்டா நினைச்சது நடக்காது. இன்னொண்ணு: மாஸ்க் போட்டப்புறம் படத்தை நகர்த்தினா மாஸ்க்கும் கூடவே போகும். முகம் ஓரமா போயிருந்தா மாஸ்க்கை டிலீட் பண்ணி, படத்தைச் சரி பண்ணி, 3-லேர்ந்து மறுபடி போடுங்க. நகர்த்தும்போது வேற ஏதோ லேயர் நகருதுன்னா மூவ் டூலோட ஆப்ஷன்ல தேர்ந்தெடுத்த லேயரை மட்டும் நகர்த்துறதை ஆன் பண்ணுங்க.

ஜேபெக் லேயர்ல அழிச்சா அடியில இருக்கிற பேப்பர் தெரியாம பின்னணி நிறம் வருதா? அந்த லேயருக்கு ஆல்ஃபா சேனல், அதாவது ஒளி ஊடுருவுற வசதி, இல்லைன்னு அர்த்தம். லேயர் > டிரான்ஸ்பரன்சி > ஆட் ஆல்ஃபா சேனல்.

இப்ப நிழல். ஃபில்டர்ஸ் > லைட் அண்ட் ஷேடோ > டிராப் ஷேடோ. மிதக்கிற மாதிரி தெரியறதுக்குக் காரணம், எல்லாத்துக்கும் ஒரே நிழலை, அதுவும் பெருசா கொடுக்கிறது. நிழலோட தூரம்தான் அந்தப் பொருள் எவ்வளவு தடிமன்னு கண்ணுக்குச் சொல்லுது. தாள் மேல தாள் ஒட்டினா நிழல் ஒரு மயிரிழைதான். 3600 பக்கத்துக்கு நான் கொடுக்கிற அளவு (எக்ஸ், ஒய்: நிழல் பக்கவாட்டிலயும் கீழயும் தள்ளிப் போற பிக்சல்; பிளர்: மங்கல்; ஒபாசிட்டி: அடர்த்தி):

தாள், மேட், படம்: எக்ஸ் 8, ஒய் 8, பிளர் 8, ஒபாசிட்டி 0.4.
அட்டை ஃபிரேம், பட்டன்: எக்ஸ் 14, ஒய் 14, பிளர் 14, ஒபாசிட்டி 0.4.
ரிப்பன், துணிப் பூ: எக்ஸ் 20, ஒய் 22, பிளர் 22, ஒபாசிட்டி 0.35.
எழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், மைத் தெறிப்பு: நிழலே கிடையாது. அதெல்லாம் தாள்ல பதிஞ்சது.

தடிமன் கூடக்கூட நிழல் தள்ளிப் போகும், மங்கலாகும், கூடவே வெளிறும். நிறம் சுத்தக் கருப்பு வேண்டாம். சிவப்பு 45, பச்சை 30, நீலம் 20-னு ஒரு அடர் பழுப்பு கொடுத்தா தாளோட ஒட்டி நிக்கும். வெளிச்சம் இடது மேல் மூலைலேர்ந்துன்னு முடிவு பண்ணினா புத்தகம் முழுக்க அதே. சில கிட்ல எலிமெண்டுக்கு நிழலும் சேர்த்தே வரும், அதோட திசை வேறயா இருந்தா அதைப் பயன்படுத்தாதீங்க. ஒரு பக்கத்துல ரெண்டு சூரியன் இருக்க முடியாது.

கிம்ப் 3-ல நிழல் லேயர் பக்கத்துல எஃப்எக்ஸ் குறியா தனியா நிக்கும், எப்ப வேணும்னாலும் திறந்து அளவை மாத்தலாம். 2.10-ல நிழல் லேயர்லயே கலந்துடும். அப்புறம் லேயரைச் சாய்ச்சா நிழலும் சேர்ந்து சுத்தி, திசை மாறிடும். அதனால பழைய பதிப்பு வச்சிருக்கிறவங்க முதல்ல சாய்ச்சிட்டு கடைசியா நிழல் போடுங்க. சாய்க்கிறதும் 2, 3 டிகிரி போதும்.

முக்கியமா ஒண்ணு: மாஸ்க் போட்ட பட லேயருக்கு நிழல் கொடுத்தா தெரியவே தெரியாது. மாஸ்க் நிழலையும் சேர்த்து வெட்டிடும். நிழலை அடியில இருக்கிற வட்ட லேயருக்குக் கொடுங்க. ரெண்டும் ஒரே உருவம், அதனால படத்துக்கே நிழல் விழுந்த மாதிரி இருக்கும்.

அளவு சரியான்னு பார்க்க பக்கம் முழுக்கத் தெரியற 20% ஜூம்ல பார்க்காதீங்க. அதுல 8 பிக்சல் நிழல் கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் எல்லாரும் ஏத்திக்கிட்டே போறாங்க. உங்க 15.6 இன்ச் ஃபுல் எச்டி திரையில ஒரு இன்ச்சுக்கு சுமார் 141 பிக்சல். 47% ஜூம்ல பார்த்தா அதுதான் கிட்டத்தட்ட பிரிண்ட் அளவு.

---

படச்சுவடு

ஸ்கேனிங் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நிழலைப் பிறகு திருத்தலாம், மோசமாக ஸ்கேன் செய்த படத்தைத் திருத்த வழியில்லை.

போஸ்ட்கார்டு அளவுப் படங்களுக்கு 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி). 4×6 படம் 2400 × 3600 பிக்சலாக வரும். இழைத்தாள் கணக்குப்படி 8×12 இன்ச் வரை பெரிதாக்கலாம். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. கருப்பு வெள்ளைப் படத்தையும் கலர் மோடில் ஸ்கேன் செய்யுங்கள், கறையையும் மஞ்சளையும் பிறகு பிரித்து நீக்க அது உதவும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை அணைத்துவிட்டு, தரம் தேயாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடியில் நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

அட்டையில் ஒட்டிய பழைய ஸ்டூடியோ படங்கள் வளைந்திருந்தால் மூடியை அழுத்தாதீர்கள், மேல்பூச்சு வெடிக்கும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேனரில் வைக்கலாம் என்று தோன்றும். சிஐஎஸ் வகை மெல்லிய ஸ்கேனரில் அந்தக் கண்ணாடித் தடிமன் தள்ளிப்போனாலே படம் மங்கும். அதற்கு ஜன்னல் வெளிச்சம்தான் நல்லது: அறை விளக்கை அணைத்து, படத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, மொபைலைப் படத்துக்கு இணையாகப் பிடித்து, உங்களுக்குப் பின்னால் ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். பிரதிபலிப்பு வராது.

தேன்கூடு போலப் புள்ளி புள்ளியான தாளில் போட்ட பிரிண்டுகள் உங்களிடம் கட்டாயம் இருக்கும். ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்தே அடிப்பதால் அந்த மேடு பள்ளம் மின்னுகிறது. ஒருமுறை ஸ்கேன் செய்து, படத்தை 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். கிம்ப்பில் இரண்டையும் லேயராக அடுக்கி, இரண்டாவதை நேராகத் திருப்பி, கண்ணின் கருவிழி மேல் கருவிழி வரும்படி பொருத்தி, மேல் லேயரின் ஒபாசிட்டியை 50 ஆக்குங்கள். புள்ளிகள் பெருமளவு அடங்கிவிடும்.

சிவந்துபோன கலர் பிரிண்டுகளில் சயான் (நீலப்பச்சை) சாயம் மற்றவற்றுக்கு முன்னால் வெளிறியிருக்கிறது. கலர்ஸ் > ஆட்டோ > வைட் பேலன்ஸ் கொடுத்துப் பாருங்கள், பாதிப் படங்கள் அதிலேயே மீண்டுவிடும். மீளாதவற்றை வலுக்கட்டாயமாகச் சரிசெய்து தோலைப் பச்சையாக்குவதைவிடக் கருப்பு வெள்ளையாக்கிவிடுவது மரியாதை. அதற்கும் சும்மா நிறத்தை உறிஞ்சாதீர்கள். டிஜிட்டல் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களால் ஆனது; சயான் போனதால் சிவப்பு சேனல்தான் தேய்ந்திருக்கும். கலர்ஸ் > காம்போனன்ட்ஸ் > எக்ஸ்ட்ராக்ட் காம்போனன்ட் போய் பச்சையை எடுங்கள். முகத்தின் மேடுபள்ளம் அதில் பத்திரமாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றை, அனுப்பியவரிடம் டாக்குமென்ட்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமான தரத்தில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்குவதோடு, எடுத்த தேதி போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். யாராவது ஆல்பத்தில் இருப்பதை மொபைலில் எடுத்து அனுப்பியிருந்தால் அசல் பிரிண்டையே இரவல் வாங்கி ஸ்கேன் செய்வது உத்தமம். உறவுகளில் பெரியவர்கள் இருக்கும்போதே, படத்தில் இடமிருந்து வலம் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரிண்டின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலில், ஓரத்தில். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் போடும்.

---

பழைய_ஆல்பம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 864 தான் இருந்தது, இப்போது 3600 வைத்தாகிவிட்டது. இரண்டு சந்தேகம். லேயர் 15-ஐத் தாண்டினால் லேப்டாப் திணறுகிறது. அப்புறம், அம்மாவின் கூறைச்சேலையையே பின்னணிப் பேப்பராக்க முடியுமா?

---

இழைத்தாள்

திணறலுக்குக் கணக்கு இருக்கிறது. 3600 × 3600 லேயர் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வீதம், நினைவகத்தில் சுமார் 52 எம்பி. 15 லேயருக்கு 780 எம்பி, அதோடு அன்டூ வரலாறும் சேரும். ஒரு சின்னப் பட்டன்கூட முழுப்பக்க அளவு லேயரில் உட்கார்ந்திருந்தால் அதே 52 எம்பிதான். லேயர் > கிராப் டு கன்டென்ட் கொடுத்தால் பட்டன் அளவுக்குச் சுருங்கிவிடும். டெம்ப்ளேட்டில் பயன்படுத்தாத லேயர்களை மறைத்து வைக்காமல் நீக்குங்கள். மொபைல் படத்தை 4000 பிக்சலிலேயே வைத்து மாஸ்க் போடாமல், தேவையான அளவுக்கு ஸ்கேல் செய்த பிறகு போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு, 20 பக்கத்தையும் ஒன்றாகத் திறக்க வேண்டாம்.

சேலை அருமையான யோசனை. கடையில் கிடைக்கிற எந்தக் கிட்டும் அதற்கு ஈடாகாது. முந்தானையை ஸ்கேனர் கண்ணாடியில் விரித்து, மேலே ஒரு வெள்ளை அட்டை வைத்து மூடுங்கள். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து 8×8 இன்ச் பகுதியை வெட்டினால் 4800 × 4800 கிடைக்கும், அதை 3600-க்குச் சுருக்குங்கள். இழை அசலைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், பின்னணிக்கு அது நன்றாகவே இருக்கும். ஆரம்பத்திலேயே 150, 200 டிபிஐ வைத்தால் நெசவு இழையும் ஸ்கேனரின் கட்டமும் மோதி அலை அலையாகக் கோடு விழும். ஜரிகை ஸ்கேனரில் பொன்னாக வராது, மங்கிய பழுப்பாகவோ கருப்பாகவோதான் வரும். ஜரிகைக் கரை வேண்டுமென்றால் அதை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாக மொபைலில் எடுத்துப் பட்டையாக வையுங்கள். ஸ்கேன் செய்த பகுதியைப் பேப்பராக வைக்கும்போது மேலே ஒரு வெள்ளை லேயரை 60% ஒபாசிட்டியில் போர்த்துங்கள். முழு நிறத்தில் விட்டால் மேலே வைக்கும் முகங்களை அது விழுங்கிவிடும்.

---

எழுத்தாணி

தமிழ் எழுத்து பற்றி. கிம்ப்பில் எழுத்தின் அளவு பிக்சலில் இருக்கும். வேர்டில் பழகிய கை 12 என்று போட்டுவிட்டு எழுத்தே காணோம் என்று தேடும். 300 பிபிஐ பக்கத்தில் 12 பாயின்ட் என்பது 50 பிக்சல். குறிப்பு வரிகளுக்கு 46 முதல் 54, தலைப்புக்கு 150-க்கு மேல். எழுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமலும் படிக்க வேண்டும் என்றால் குறிப்புகளையே 58 வையுங்கள்.

பாமினி யூனிகோடு அல்ல. பெரியப்பாவின் கோப்பைத் திறந்து வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். எண்களும் மேற்கோள் குறிகளும் சில இடங்களில் பிசகும்.

எழுத்துரு கூகிள் ஃபான்ட்ஸில் இலவசம். கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார், குண்டான தலைப்புக்கு பலூ தம்பி 2, அச்சுப் புத்தகத் தோற்றத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், நீளமான குறிப்புகளுக்கு முக்த மலர். ஒரு தலைப்பு எழுத்துரு, ஒரு குறிப்பு எழுத்துரு, இரண்டு போதும். நிறுவிய பிறகு கிம்ப்பில் தெரியாவிட்டால் மூடித் திறங்கள்.

எழுத்திடைவெளியைக் கூட்டும் வழக்கம் ஆங்கிலத் தலைப்புகளுக்கு அழகு. தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், அதைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். வரியிடைவெளி தாராளமாக வேண்டும், மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டக் கூடாது. டிசைன் பேப்பர் மேல் நேராக எழுதாமல் அடியில் ஒரு ப்ளெய்ன் தாள் பட்டை வைத்து அதில் எழுதுங்கள்.

போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ‘கொ’வில் கொம்பு பின்னால் போய் உட்கார்ந்தால், ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் என்ஜினை மத்திய கிழக்கு, தெற்காசியா என்றிருப்பதற்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாகத் தட்டுங்கள்.

---

அச்சுமேசை

பிரிண்ட் பக்கம் நான் சொல்லிடறேன். பைண்டிங் எப்படின்னு இப்பவே முடிவு பண்ணுங்க, அதைப் பொறுத்துக் கோப்பு மாறும்.

கல்யாண ஆல்பம் மாதிரி விரிச்சா தட்டையா கிடக்கிற பைண்டிங்னா, எதிரெதிர் ரெண்டு பக்கம் ஒரே ஷீட். 12×24 இன்ச், 7200 × 3600 பிக்சல். உங்க 20 பக்கம் 10 ஷீட். நடுமடிப்புல ரெண்டு பக்கமும் 75 பிக்சலுக்கு முகமோ எழுத்தோ வரக் கூடாது. கவருக்குள்ள சொருகுற ஆல்பம்னா தனித்தனி 12×12 போதும். 12×18 ஷீட்ல போடச் சொல்லுங்க, பக்கம் போக மிச்சம் 6×12 இருக்கும், அதுல மூணு 4×6 படம் உட்காரும். சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கப் படம் தனியா காசு கொடுத்துப் போட வேண்டியதில்லை. கோப்பு 3600 × 5400.

பைண்டிங்ல ஓரத்தை வெட்டுவாங்க. லேப்ல எவ்வளவு வெட்டுவாங்கன்னு கேளுங்க, 3 மில்லிமீட்டர்னா சுமார் 36 பிக்சல். பின்னணிப் பேப்பர் கடைசி ஓரம் வரைக்கும் இருக்கணும், எழுத்தும் முகமும் 150 பிக்சல் உள்ள தள்ளி இருக்கணும். பக்கத்தைச் சுத்தி ஒல்லியா பார்டர் போடாதீங்க. வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் ஒல்லியா கோணலா தெரியும்.

வேலைக் கோப்பு எக்ஸ்சிஎஃப்-ல (லேயரோட சேமிக்கிற கிம்ப்போட சொந்தக் கோப்பு வகை) இருக்கட்டும். லேபுக்கு எக்ஸ்போர்ட் பண்றது ஜேபெக், தரம் 95, நிற வகை எஸ்ஆர்ஜிபி. ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காவே சேமிச்சா ஒவ்வொரு தடவையும் தேயும். திருத்தம் எப்பவும் எக்ஸ்சிஎஃப்-லதான். எக்ஸ்சிஎஃப் எல்லாத்தையும் ஒரு வெளி ஹார்டுடிஸ்க்லயும் காப்பி எடுத்துடுங்க.

திரை வெளிச்சத்தை முழுசா வச்சு வேலை பார்த்தா பிரிண்ட் இருட்டா வரும். பாதிக்குக் கொண்டுவாங்க, இரவு நேர மஞ்சள் மோடை அணைங்க. மொத்தத்தையும் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: முகம், குறிப்பு வரி, நிழல் மூணும் வர்ற இடமா பார்த்து, முடிச்ச பக்கத்துலேர்ந்து 1200 × 1800 துண்டை வெட்டி எடுங்க. சுருக்கக் கூடாது, வெட்டணும். அதை 4×6 பிரிண்ட் போடுங்க. எழுத்து அளவு, நிழல், நிறம் எல்லாம் புத்தகத்துல எப்படி வருமோ அப்படியே கையில இருக்கும். லேப்ல கலர் கரெக்‌ஷன் வேண்டாம்னு சொல்லிடுங்க, அவங்க சாஃப்ட்வேர் உங்க அரக்கைச் சிவப்பாக்கிடும். பேப்பர் பளபளப்பில்லாத மேட் ரகம், இல்லேன்னா லேசா மின்னுற லஸ்டர் ரகம் கேளுங்க, பளபளக்கிற கிளாஸி ரகத்துல விரல்தடம் விழும். பத்துப் பேர் கைமாறப்போற புத்தகம் இது.

கோப்புக்குப் பேர் 01, 02-னு ரெண்டு இலக்கத்துல வைங்க. வெறும் 1, 2-ன்னா சில சிஸ்டத்துல 1-க்கு அடுத்து 10 வந்து நிக்கும், லேப்ல அந்த வரிசையிலயே ஒட்டிடுவாங்க.